கிழக்கு நாலு சால்

வேலந்தாவளம்
12-7-1957

சிரஞ்சீவி வெங்கிடாசலத்துக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அய்யன், எருமை இரண்டு, செவலைக் காளை எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் மழை வரப்போவதை முதல் நாளே சொல்லிவிடுகிறது. நீ மலைமேல் குளிரில் எப்படி இருக்கிறாய் என்று எழுது.

மேட்டுக்காட்டில் கடலைக்காய் போட்டு முடித்தோம். ஐப்பசிக் கடைசியில் பிடுங்கலாம். வழக்கம்போல உன் அய்யன் கிழக்கு வரப்பு ஓரம் நாலு சால் செடிக்குக் குச்சி நட்டு ஒதுக்கிவிட்டார். அது உங்கள் மூன்று பேருக்கு. நீங்கள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அந்த நாலு சாலில் கூலியாள் கை வைத்ததில்லை. நீங்கள்தான் பிடுங்க வேண்டும், அங்கேயே பனையோலை போட்டுச் சுட்டுத் தின்ன வேண்டும், முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்து என்னிடம் திட்டு வாங்க வேண்டும்.

பாலக்காட்டிலிருந்து அகிலாண்டம் தீபாவளிக்கு வருகிறாள். கோயமுத்தூரிலிருந்து சுப்ரமணியனும் வருகிறான். நீ என்றைக்கு வருகிறாய்? உன் அய்யனைக் கேட்டேன், பையனுக்கு என்ன எழுதட்டும் என்று. "அவனென்ன கலெக்டரா, வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பட? வந்தா வாறான், வராட்டிப் போறான்" என்றார். அவர் பேச்சு உனக்குத் தெரியாததா!

நீ வர வேண்டும் என்பது என் ஆசை.

அம்மா
பர்வதம்

•

மூணாறு
9-8-1957

அன்புள்ள அம்மாவுக்கு வெங்கிடாசலம் நமஸ்காரம். நான் சுகம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த சட்டையைப் பாக்டரியில் தேயிலை உலர்த்தும் அறைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுத்தான் காயவைக்கிறோம். அதனால் என் சட்டையெல்லாம் டீ வாசனை. கொழுந்து நிறைய வருகிறது, வேலை அதிகம். லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவுங்கள். ஆள் மூலம் தேயிலைத் தூள் அனுப்பியிருக்கிறேன். செவலை நன்றாகத் தீனி எடுக்கிறதா? அய்யனுக்கு என் நமஸ்காரம்.

வெங்கிடாசலம்

•

வேலந்தாவளம்
25-8-1957

சிரஞ்சீவி வெங்கிடாசலத்துக்கு அம்மா ஆசீர்வாதம். தேயிலைத் தூள் கிடைத்தது. உன் அய்யன் முதல் வாய் குடித்து "வெறுங் கசப்பு" என்றார். பிறகு ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்கிறார்.

நீ செவலையை விசாரித்திருக்கிறாய். மயிலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விற்றுப்போன மாட்டை எப்படி விசாரிப்பது என்று விட்டாயாக்கும். லீவு தெரியவில்லை என்பதற்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளிடம் மழையைக் காரணம் சொல்கிறாயே.

நடந்தது நடந்துவிட்டது. போன ஐப்பசியில் உன் அய்யன் உடுமலைக்குத் துக்கத்துக்குப் போன இரண்டு நாளில் நீ மயிலையைச் சந்தைக்கு ஓட்டி விற்றுவிட்டாய். நல்லது நினைத்துத்தான் செய்தாய். நானும் தடுக்கவில்லையே. அவர் வந்து வெறும் கட்டுத்தரையைப் பார்த்துவிட்டு, "யாரு ஓட்டிட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சந்தையில் கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டு நீ கொண்டு வந்தாயே, மயிலையின் பழைய கயிறு, அது இன்னும் அதே முளையில் தொங்குகிறது. வேறு மாட்டுக்கும் போடவில்லை, தூக்கி எறியவும் இல்லை.

செவலைக்கு ஜோடி வாங்கவில்லை. வண்டி சும்மா நிற்கிறது. கேட்டால் "அச்சு சரியில்லை" என்கிறார்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. கடலையைக் கொண்டுபோய் எண்ணெய் ஆட்ட உன் அய்யன் இப்போதெல்லாம் இரண்டு பஸ் மாறிக் கோவிந்தாபுரம் போகிறார். பஸ் ஏறினால் வாந்தி வரும் மனிதர்! இங்கே கூப்பிடு தூரத்தில் மெஷின் இருக்கிறதே என்றால், "மெஷின் எண்ணெய் கசக்குது" என்கிறார். மாதம் இரண்டு தடவை போகிறார். வீட்டில் எண்ணெய் வைக்கப் பாத்திரம் இல்லை. ஊறுகாய் ஜாடியிலும் எண்ணெய்தான்.

லீவுக்கு எழுதிப் போடு.

அம்மா
பர்வதம்

•

மூணாறு
22-9-1957

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உடம்பு சுகம்தான்.

நீங்கள் சொன்னது சரி. லீவு கேட்டால் கிடைக்கும். நான் கேட்கவில்லை.

அம்மா, எனக்கு விவரம் தெரிந்த நாளாக அய்யன் மயிலையைத் திட்டித்தான் கேட்டிருக்கிறேன். "இந்தக் கிழத்த அடுத்த சந்தைக்கு ஓட்டிட்டுத்தான் மறுவேலை" என்று வாராவாரம் சொல்வார். நானும் நம்பினேன். வயதான காலத்தில் அவருக்கு அலைச்சல் வேண்டாம், பிள்ளையாக நான் இதையாவது செய்கிறேன் என்று ஓட்டிப் போனேன். திரும்பி வரும்போது பெருமையாகத்தான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது என்னவென்று தெரிந்தது.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதும். கையை ஓங்கியிருந்தாலும் சரி. நான் கிளம்பிய அன்று பஸ்ஸுக்குக்கூட அவர் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். அன்றைக்கு நம் முறைத் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என்னோடு தங்கியிருக்கும் ஏசுரத்தினம் திருநெல்வேலிக்காரன். அவனிடம் சொன்னேன். "ஏல, ஒங்கய்யா ஒன்னய ஏசினாரா, அடிச்சாரா? ஒண்ணுமில்லல்லா? பொறவு என்னத்துக்கு லீவ வீணாக்குத?" என்கிறான். ஏசாததுதான் எனக்குப் பயம் என்றால் அவனுக்குப் புரியவில்லை.

இந்த ஐப்பசிக்கு நான் வரவில்லை. அக்காவையும் அண்ணனையும் வைத்துத் தீபாவளியைச் சந்தோஷமாகக் கொண்டாடுங்கள். என் பங்குக் கடலைக்காயை அக்கா குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

வெங்கிடாசலம்

•

வேலந்தாவளம்
2-10-1957

சிரஞ்சீவி வெங்கிடாசலத்துக்கு அம்மா ஆசீர்வாதம். உன் கடிதத்தை உன் அய்யனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் இல்லை. வரவில்லை என்ற இடத்தை மட்டும் படித்தேன்.

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வைத்துவிட்டார். "வராட்டிப் போறான். கெழக்கு நாலு சாலையும் ஆள உட்டுப் புடுங்கிப் போடறேன்" என்றார். நானும் பதிலுக்கு, "புடுங்குங்க, நாளைக்கே புடுங்குங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

உன்னை வா வா என்று நச்சரிக்கப் போவதில்லை. வராவிட்டாலும் கடிதமாவது போடு. குளிருக்குக் கம்பளி இருக்கிறதா?

அம்மா
பர்வதம்

•

வேலந்தாவளம்
27-10-1957

சிரஞ்சீவி வெங்கிடாசலத்துக்கு அம்மா ஆசீர்வாதம். நாங்கள் சுகம். வீடு இன்றைக்குத்தான் காலியாயிற்று. காது இன்னும் இரைகிறது.

நீ வராத குறை தவிர இந்தத் தீபாவளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி ஓடாததால் அகிலாண்டம் பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு குழந்தைகளோடு நடந்தே வந்தாள். வரும்போதே, "ஏனம்மா, மகாராணி மாதிரி வண்டில வந்து பழகுன காலு, நடக்கமாட்டேங்குது" என்று சத்தம். சுப்ரமணியன் மில்லிலிருந்து நேரே வந்தவன், குளித்துவிட்டுப் பதினோரு தோசை தின்றான். நான் எண்ணவில்லை, அகிலாண்டம்தான் எண்ணி உரக்கச் சொன்னாள். அதற்கொரு சண்டை. இருபத்தெட்டு வயதில் அவனும் முப்பது வயதில் அவளும் முறுக்குத் தட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு பேர் கையிலும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு உள்ளே வந்து சிரித்தேன். குழந்தைகளெல்லாம் வீட்டில் இருக்கும்போது நான் எத்தனை வேலை செய்தாலும் முழங்கால் வலிப்பதில்லை. அது என்ன மாயமோ!

மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று கடலைக்காய் பிடுங்க ஆரம்பித்துவிட்டோம். காய் நல்ல திரட்சி. மேற்கிலிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். கிழக்கு நாலு சால் வந்ததும் உன் அய்யன் ஆட்களை நிறுத்திவிட்டார். "அது இன்னும் முத்தல" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே நாளில் போட்ட விதை, ஒரே காடு.

சுப்ரமணியன், "நாங்க ரெண்டு பேரு இருக்கறமே, புடுங்கட்டுங்களா?" என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

அம்மா
பர்வதம்

•

பாலக்காடு
31-10-1957

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசி. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்க மாட்டாய் என்பது தெரியும், அதனால் கேட்கவில்லை.

அம்மா எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அம்மாவுக்கே இன்னும் தெரியாது. திரும்பும்போது கொல்லங்கோட்டில் என் நாத்தனாரைப் பார்க்க வேண்டியிருந்தது. அய்யனும் கோவிந்தாபுரத்துக்கு எண்ணெய் ஆட்டக் கிளம்பினார். சேர்ந்தே போனோம். வழியெல்லாம் என்னைக் கழற்றிவிடப் பார்த்தார். நான் விடவில்லை, கூடவே செக்கு வரைக்கும் போனேன்.

செக்கில் சுற்றிக்கொண்டிருந்தது நம் மயிலை.

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அது அய்யனைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டது. இவர் பக்கத்தில் போய் மடியிலிருந்து கடலைக்காய் எடுத்துக் கொடுத்தார். ஒன்றிரண்டு இல்லை, ஒரு படி இருக்கும். நான் குழந்தைகளுக்குத் தண்ணீர் வாங்குவதுபோல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசினார். அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

"பத்து வருசமா உன்னையச் சந்தைக்கு ஓட்டறேன் ஓட்டறேன்னு சொன்னேன். நீ ஒரு நாளாச்சும் நம்புனயா? படிச்ச பையன், அவன் நம்பிட்டான். இப்ப வராட்டிப் போறான்னு சொன்னேன். அதையும் நம்பிட்டான் பாரு."

தம்பி, அவருக்கு உன்மேல் கோபமே இல்லையடா. தன் வாய்மேல்தான் கோபம். அதை உன்னிடம் சொல்ல அவருக்குத் தெரியாது, மாட்டிடம் சொல்கிறார். பஸ்ஸுக்கு அன்றைக்கு ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறதா? உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான்.

செக்குக்காரர் பெயர் பெரியமுத்து, சந்தைத் தரகரிடமிருந்து மயிலையை வாங்கினாராம். விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். மற்றது உன் புத்தி.

அக்கா
அகிலாண்டம்

•

கோவிந்தாபுரம்
13-11-1957

மூணாறு தம்பி வெங்கிடாசலம் அவர்களுக்குச் செக்குக்காரர் பெரியமுத்து சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவது. நலம். உங்கள் நலம் வேண்டும்.

கடிதம் கிடைத்தது. மாட்டைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறார்:

"ஏனுங்க தம்பி, இத நீங்க ஆறு மாசத்துக்கு முன்னாலயே கேட்டிருக்கலாமுங்க. உங்கய்யன் வாற அன்னிக்கு மாடு ஒரு சுத்துச் சுத்தமாட்டேங்குது. அவரு போனதுக்கப்பறமும் பாதையப் பாத்துக்கிட்டே நிக்குது. அடுத்த நாளும் பாதி வேல. கடலக்காயாத் தின்னு தின்னு இப்பப் புல்லக் கண்டா மூஞ்சியத் திருப்புதுங்க. எனக்குச் செக்குச் சுத்த ஒரு மாடு வேணும், அவ்வளவுதானுங்க. நல்ல எளங்காளையா ஒண்ணு கொண்டாந்து கட்டிட்டு இத ஓட்டிட்டுப் போங்க. பெரியவருகிட்ட நானா எதுவுஞ் சொல்லமாட்டனுங்க."

இப்படிக்கு,
பெரியமுத்து (கைநாட்டு)

•

வேலந்தாவளம்
17-11-1957

சிரஞ்சீவி வெங்கிடாசலத்துக்கு அம்மா ஆசீர்வாதம். மூன்று நாளாக நல்ல மழை. கிணறு ஏறிவிட்டது. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அய்யனுக்கு மட்டும் சளி, மழையில் காட்டைச் சுற்றினால் வராமல் என்ன செய்யும்?

கிழக்கு நாலு சாலும் அப்படியே நிற்கிறது. மற்ற காடெல்லாம் வெறுமையாகக் கிடக்க அது மட்டும் தலைமுடி வெட்டும்போது விட்டுப்போன கொத்துப் போல நிற்பதைப் பார்த்துப் போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்கிறார்கள். நேற்று நான் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்திருக்கிறது. முப்பது வருஷம் கடலை போட்ட மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்! கேட்டால், "கரையான் திங்கட்டும்" என்கிறார்.

வெங்கிடாசலம், அந்தக் காய் உனக்காகத்தான் நிற்கிறது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அம்மா
பர்வதம்

•

மூணாறு
21-11-1957

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம். நான் சுகம். ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. உடுமலை, பொள்ளாச்சி வழியாக வருகிறேன். 28ஆம் தேதி மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். பஸ் நிறுத்தத்துக்கு யாரும் வர வேண்டாம், நான் பஸ்ஸில் வரவில்லை. அய்யனிடம் நாலு சாலைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெங்கிடாசலம்

•

வேலந்தாவளம்
2-12-1957

சௌபாக்கியவதி அகிலாண்டத்துக்கு அம்மா ஆசீர்வாதம். மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமா? இங்கே நாங்கள் மிகவும் சுகம்.

நீ எல்லாம் தெரிந்துகொண்டு வாயை மூடியிருந்திருக்கிறாய். வா, உன்னை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குச் சண்டை போட மனமில்லை.

பஸ்ஸில் வரவில்லை என்று தம்பி எழுதியதும் நான் பயந்துவிட்டேன். உன் அய்யன், "வராதவன் எதுல வந்தா என்ன" என்றார். ஆனாலும் அன்று காலையிலிருந்து வேலியோரம் முள் வெட்டிக்கொண்டிருந்தார். பாதை தெரிகிற இடத்தில்தான் முள் அதிகமாம். உச்சிவேளைக்கு வெட்டுகிற சத்தம் நின்றது. நான் வெளியே வந்து பார்த்தேன்.

உன் தம்பி வந்துகொண்டிருந்தான், முழங்கால் வரைக்கும் சேறு. கையில் கயிறு. பின்னால் மயிலை. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு இளங்காளை வாங்கிக் கோவிந்தாபுரத்தில் கட்டிவிட்டு, இதை ஓட்டிக்கொண்டு சித்தூரில் ஒரு நாள் தங்கி நடந்தே வந்திருக்கிறான். மாட்டுக்கு வயதாகிவிட்டதால் மெதுவாக நடந்தானாம்.

உன் அய்யன் அரிவாளைக் கீழே போடவும் மறந்து நின்றார். பிறகு, "ஏன்டா, இந்தக் கெழத்த எதுக்குடா ஓட்டியாந்தே? தீனிக்குத் தெண்டம்!" என்று ஒரு சத்தம் போட்டார் பார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

போன வருஷமாக இருந்தால் பையன் அப்படியே திரும்பியிருப்பான். அவனோ சிரித்தான். சிரித்துக்கொண்டே, "சரிங்கய்யா, அடுத்த சந்தைக்கு ஓட்டிப்போடலாமுங்க" என்றான்.

இவர் அவனை முறைத்தார். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. திடீரென்று இவருக்கும் மீசை ஆடியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டுத்தரைக்குள் போனவர், முளையில் தொங்கிய பழைய கயிற்றோடு வந்தார். பெரியமுத்துவின் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு அதைக் கட்டினார். கட்டி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. முடிச்சு சரியாக விழவில்லை என்றார். கண் தெரியாமல் முடிச்சு எப்படி விழும்? நான் பார்க்காததுபோல் உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.

சாயங்காலம் அப்பனும் மகனும் நாலு சாலையும் பிடுங்கினார்கள். பாதிக்கு மேல் முளைத்த காய். சுட்டால் இனித்துக்கொண்டு ஒரு மாதிரி இருந்தது. "இத எவன் திம்பான்?" என்று சொல்லிக்கொண்டே உன் அய்யன்தான் அதிகம் தின்றார். முகமெல்லாம் கரி. மீதியைக் குழம்பு வைத்தேன். நீ நம்பமாட்டாய், நன்றாகவே இருந்தது.

நேற்றுத் தம்பி மலைக்குத் திரும்பினான். அச்சு சரியில்லாத வண்டி எப்படியோ சரியாகிவிட்டது. மயிலையையும் செவலையையும் பூட்டி உன் அய்யனே அவனைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார். அரை மணியில் திரும்ப வேண்டியவர் விளக்கு வைக்கும்போதுதான் வந்தார். பஸ் தாமதமாம். நல்லவேளை, தாமதமாயிற்று.

உனக்கு இரண்டு டின் எண்ணெய் அனுப்புகிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள். இனி யாரும் கோவிந்தாபுரம் போகப்போவதில்லை, இதுதான் கடைசி.

அம்மா
பர்வதம்

•

வேலந்தாவளம்
20-12-1957

வெங்கிடாசலத்துக்கு அய்யன் எழுதுவது. உன் அம்மா எழுதித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். எழுத்து கோணலாக இருக்கும், படித்துக்கொள்.

எல்லோரும் சுகம். கிழடு நன்றாகத் தின்கிறது. வேலை ஒன்றும் செய்வதில்லை. நீ செய்த காரியம்.

அடுத்த ஐப்பசிக்கு நீ வராவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. எந்தத் தேதி, எந்த பஸ் என்று மட்டும் புரட்டாசியிலேயே எழுதிவிடு. கிழடு மெதுவாக நடக்கிறது. வண்டியை முன்னாலேயே கட்ட வேண்டும்.

துரைசுவாமி